வெர்லியின் கூரையை நாங்கள் மூடிய கதை

வெர்லி லிரெட்டின் தலையில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்த பதினொரு பேரில் முதல் ஆள் நான்தான். ஊரில் இதை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் வாயில் விழுவதற்குப் பதில் நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஈனோஸ் பெலெக்ரின். முப்பத்தைந்து வருடம் இழுவைப் படகு ஓட்டி ஓய்ந்தவன். வெர்லியின் அடுத்த வீட்டுக்காரன். அவளும் நானும் ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரே வகுப்பு. அவள் மகள் கொரினுக்கு ஞானத்தகப்பனும் நான்தான்.

வெர்லி எங்கள் பள்ளிக்கூடத்தின் தலைமைச் சமையல்காரி. இருபத்தெட்டு வருடமாக நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். அதற்கு முன் இறால் கொட்டகையில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. குரல் கொடுத்தால் எங்கள் பாயூ வாய்க்காலின் அக்கரையில் நாய் எழுந்து நிற்கும். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள், பிடித்துவிட்டால் "சரி, அதுக்கென்ன இப்ப?" என்பாள். இந்தப் பாயூவில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள எவனும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் இன்றும் அவளைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு "மிஸ் வெர்லி" என்கிறார்கள்.

புருஷன் டட்லி செத்துப்போய் ஒன்பது வருடமாகிறது. அவன் போன இரண்டாம் வருடம் வந்த புயல் வீட்டில் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சதுப்பில் போட்டது. அவள் அழுததை நான் பார்க்கவில்லை. பாங்கில் கடன் வாங்கினாள், பன்னிரண்டு அடித் தூண்களின் மேல் வீட்டைத் தூக்கி நிறுத்தினாள். அந்தக் கடன் இருக்கிற வரை இன்ஷூரன்ஸ் கட்டியே தீரவேண்டும். கட்டாவிட்டால் பாங்க்காரன் தானாக ஒன்றை எடுத்து அவள் தலையில் கட்டுவான், அது இன்னும் இரண்டு மடங்கு. என் வீட்டுக்குக் கடன் இல்லை, ஆகவே இன்ஷூரன்ஸும் இல்லை. காற்று வந்தால் நானும் மாதாவும் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். வெர்லிக்கு அந்த வசதி இல்லை.

இன்ஷூரன்ஸ் கடிதம் ஒவ்வொரு மார்ச்சிலும் வரும். முதல் கம்பெனி அந்தப் புயலோடு திவாலாகி மூட்டை கட்டியது. இரண்டாவது கம்பெனி மூன்று வருடம் பணத்தை வாங்கிக்கொண்டு, கடற்கரைப் பக்கத்து வீடுகளை இனி சேர்ப்பதில்லை என்று எழுதிவிட்டது. கடைசியில் யாரும் சேர்க்காதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அரசாங்க இன்ஷூரன்ஸ். அங்கே விலை எல்லாவற்றையும்விட அதிகம்.

"ஒருத்தனும் என்னைக் கட்டிக்க மாட்டேங்கறான். அரசாங்கம் பாவம்னு மோதிரம் போட்டிருக்கு. அந்த மோதிரத்துக்கும் நான்தான் காசு குடுக்கணும்" என்று சிரித்தாள் வெர்லி. அது முதல் வருடச் சிரிப்பு. இந்த மார்ச்சில் வந்த கடிதத்தைப் படிக்கட்டில் நின்றபடியே படித்தாள், மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள், என்னிடம் தக்காளி பழுத்ததா என்று கேட்டாள். டட்லி இருந்தபோது வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு டாலர் கட்டிய வீடு அது. இப்போது ஒன்பதாயிரத்துச் சொச்சம். அவள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

எங்கள் வரிசையில் ஏழு வீடுகள். அதில் நான்கு இப்போது பட்டணத்துக்காரர்கள் சனி ஞாயிறு வந்து மீன் பிடிக்கிற வீடுகள். மற்ற நாளெல்லாம் இருட்டுதான். ஐந்தாவதாக வெர்லியின் வீட்டின் மேல் கண் வைத்திருந்தார் பேட்டன் ரூஜ் பட்டணத்துப் பல் டாக்டர் ஒருவர். நல்ல மனுஷன், அதுதான் எரிச்சல். இரண்டு வருடமாக மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடம் அவரிடம் வெர்லி, "மே மாசம் மூணாவது வெள்ளிக்கிழமை முடிவு சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குத்தான் இன்ஷூரன்ஸ் கெடு முடிகிறது.

ஏஜென்ட் ஒரு வழி சொல்லியிருந்தான். புயல் தாங்கும் முறையில் கூரை போட்டு, அதற்குச் சான்றிதழ் வாங்கினால் விலை பாதிக்குப் பாதி குறையும். அரசாங்கம் அதற்குக் குலுக்கலில் மானியம் கொடுக்கிறது. வெர்லி இரண்டு முறை பெயர் கொடுத்தாள், இரண்டு முறையும் விழவில்லை. டட்லியின் இறால் படகை விற்றாள். அந்தப் பணத்தில் ஹாலிஸ் என்ற கூரைக்காரனைப் பிடித்து வேலையை ஆரம்பித்தாள். அந்தப் படகு துறையைவிட்டுப் போன அன்று நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, எனக்குத் தெம்பில்லை. அவள் நின்று கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள்.

இனி எங்கள் முட்டாள்தனம்.

ஹாலிஸின் ஆட்கள் பழைய கூரையைப் பிய்த்து, புதுப் பலகை அடித்து, பலகைக்கும் பலகைக்கும் இடையே பட்டை ஒட்டி முடித்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு வேறு ஊரில் ஒரு அவசரம், திங்கட்கிழமை வருகிறேன் என்று போய்விட்டான். வெர்லி மகளைப் பார்க்க ஹூஸ்டன் போயிருந்தாள். சனிக்கிழமை காலையில் நான் வெளியே வந்து பார்த்தால் தெற்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. அவள் வீடு மேலே மொட்டையாக நிற்கிறது. தகடுகளும் தார்ச்சீலையும் கீழே அடுக்கியபடி.

எங்கள் பாயூவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் வேலை பாதியில் நின்றால் யாரும் கூப்பிடும்வரை காத்திருக்க மாட்டோம். சுத்தியலோடு போய் நிற்போம். 'கை கொடுக்கிறது' என்று அதற்குப் பெயர். வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு போவது அவரை அவமதிப்பது மாதிரி. அவர் சோறு போட்டால் போதும், அவர் இல்லாவிட்டால் அதையும் நாங்களே ஆக்கிக்கொள்வோம்.

நான் நாலு பேருக்குப் போன் போட்டேன். பத்துப் பேர் வந்தார்கள், என்னோடு பதினொன்று. எண்பத்தோரு வயது அட்லாய் மாமாகூட ஏணியில் ஏறிவிட்டார். இறங்கச் சொன்னதற்கு, "உன் ஞானஸ்நானத்துக்கு வந்து சாப்பிட்டவன்டா நான், என்னை நீ இறக்கப் பாக்கறியா?" என்றார். தார்ச்சீலை விரித்தோம், தகடு போட்டோம், திருகாணி முடுக்கினோம். மூன்றரைக்குக் கடைசித் தகடு. நாலு மணிக்கு மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. தூண்களுக்கு நடுவே பெரிய சட்டியில் ஜம்பலாயா சோறு வெந்துகொண்டிருக்க, நாங்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டோம். வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்ததில்லை.

ஐந்தரைக்கு வெர்லியின் வண்டி வந்தது. நின்றது. அவள் இறங்கவில்லை, கண்ணாடி வழியாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனாள் என்று நான் நினைத்தேன். மடையன்.

"யாரு செஞ்சது இதை?" என்று இறங்கிக் கேட்டாள்.

"நாங்கதான்! எப்படி இருக்கு?"

"கூரை பாக்கற இன்ஸ்பெக்டர் திங்கக்கிழமை வர்றாங்கன்னு உங்கிட்ட சொன்னேனே ஈனோஸ்."

"வரட்டுமே! தகடு கண்ணாடி மாதிரி இருக்கு, பாத்துட்டுப் போகட்டும்."

"தகட்டைப் பாக்க வரல. தகட்டுக்கு அடியில இருக்கிற ஆணியைப் பாக்க வர்றாங்க. எத்தனை அங்குலத்துக்கு ஒண்ணு அடிச்சிருக்கு, பட்டை ஒட்டிருக்கா, அதைப் பாத்துட்டு அப்புறம்தான் மூடணும். அதுக்குத்தான் அந்தச் சான்றிதழே."

பதினொரு பேரும் தட்டைப் பிடித்தபடி நின்றோம். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒரு தட்டை எடுத்து, ஜம்பலாயா போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி" என்றாள். நாலு வாய் சாப்பிட்டாள், எல்லாருக்கும் நன்றி சொன்னாள், மேலே ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் அன்றைக்கு நான் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை வந்தது ஒரு பெண், ஒடெட் பட்டிஸ்ட் என்று பெயர், நியூ ஆர்லியன்ஸ்காரி. நாற்பது வயதிருக்கும். சொந்த ஏணியோடு வந்தாள். கூரையைப் பார்த்தாள், தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பலகை எங்க சார்?"

"அடியில இருக்கும்மா. பத்திரமா இருக்கு."

"மூடிட்டீங்களா?"

"மழை வந்துச்சு. அதான் கை கொடுத்தோம்."

"பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது சார்."

"ஆணியெல்லாம் சரியா இருக்கும்மா. மாதா மேல சத்தியம் பண்றேன்."

"மாதாவுக்கு ஆணி இடைவெளி தெரியுமா சார்?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ இருந்தால் கொடுங்கள் என்றாள். பதினொரு போனையும் குடைந்தோம். முப்பது படத்துக்கு மேல் தேறியது. எல்லாம் நாங்கள் ஜம்பலாயாச் சட்டியைச் சுற்றி நின்று இளிக்கிற படம். ஒரே ஒரு படத்தில் கூரை தெரிந்தது, அதிலும் அட்லாய் மாமாவின் பின்பக்கம்தான் முக்கால்வாசி.

அவள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியதை நான் கவனித்தேன். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

"ஒண்ணு செய்யலாம்" என்று வெர்லியிடம் திரும்பினாள். "நான் சொல்ற மூணு எடத்துல தகட்டைக் கழட்டி, சீலையைத் தூக்கிக் காட்டணும். மூணும் சரியா இருந்தா அன்னிக்கே சான்றிதழுக்கு அனுப்பறேன். ஒண்ணு தப்பா இருந்தாலும் முழுசும் பிரிச்சுத்தான் ஆகணும். இந்த வாரம் எனக்குப் புதன்கிழமை காலை மட்டும்தான் இருக்கு."

"புதன்கிழமையா?" என்றாள் வெர்லி.

இன்ஷூரன்ஸ் கெடு அந்த வெள்ளிக்கிழமையே. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு இறால் சீசன் திறப்பு. முதல் இரண்டு நாளில் அள்ளுவதில்தான் எங்கள் பையன்களின் வருடமே ஓடுகிறது. அது தெரியாதவன் இந்த வாய்க்காலில் ஒருவனும் இல்லை. கூரை ஏறத் தெரிந்தவர்கள் எல்லாரும் படகுக்காரர்கள். ஹாலிஸைப் பிடிக்கலாம் என்றால், திங்கட்கிழமை வருகிறேன் என்றவன் ஆட்களோடு இன்னும் வெளியூரிலேயே.

அவள் போனதும் வெர்லி என் கையைப் பிடித்தாள். "யாரையும் கேக்காதே. சத்தியமாச் சொல்றேன் ஈனோஸ், கேட்டேன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். அவங்க பிள்ளைங்களுக்குத்தான் நான் தினமும் சோறு போடறேன். சீசன் போச்சுன்னா அந்தச் சோறுதான் மிச்சம் அதுங்களுக்கு."

நான் யாரையும் கேட்கவில்லை. படகுத்துறையில் நின்று புலம்பினேன், அவ்வளவுதான். கொஞ்சம் உரக்கப் புலம்பினேன்.

புதன்கிழமை ஆறு மணிக்கு இன்ஜின்கள் உறுமுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் ஏணியைச் சாய்த்துவைத்துக்கொண்டு, ஆகாத முழங்காலோடு, எண்ணிக்கொண்டு நின்றேன். ஐந்தாவது வரவில்லை. ஆறாவதும் வரவில்லை. சாலையில் பார்த்தால் ஆறு பேர் வருகிறார்கள். முன்னால் அட்லாய் மாமா, கையில் சுத்தியல். பின்னாலேயே வண்டியில் ஹாலிஸ், ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவன் மாதிரி கண் சிவந்து. போன நாலு பேர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

வெர்லி வாசலுக்கு வந்தாள். "உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா? சீசன்டா இன்னிக்கு!"

"இறால் எங்கயும் போகாது மிஸ் வெர்லி" என்றான் படகுக்காரன் ஒருவன். அது பச்சைப் பொய். இறால் போய்க்கொண்டேதான் இருக்கும்.

முதல் இடம் தெற்குச் சரிவு. தகட்டைக் கழற்றினோம், சீலையை வெட்டித் தூக்கினோம். மிஸ் பட்டிஸ்ட் மண்டியிட்டு அளவுநாடாவை வைத்தாள், போட்டோ எடுத்தாள், டிக் போட்டாள். இரண்டாவது இடம் நடு உச்சி. அதுவும் டிக். வெர்லி மேலே ஏறவே இல்லை. கீழே ஏணியின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு நின்றாள், ஏணி நகர்ந்தால் வீடு போய்விடும் என்பதுபோல.

மூன்றாவது இடம் வடக்கு மூலை. சீலையைத் தூக்கியதும் மிஸ் பட்டிஸ்ட் நாடாவை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஹாலிஸுக்கு முகம் வெளுத்தது.

"இங்க யாரு ஆணி அடிச்சது?"

"என் ஆளுங்கதான். நாலு அங்குலத்துக்கு ஒண்ணு."

"இங்க அரை அங்குலத்துக்கு ஒண்ணு இருக்கே."

கடைசியில் அட்லாய் மாமா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "நான்தாம்மா. சனிக்கிழமை இவனுங்க தகடு தூக்கிட்டு வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அட கடவுளே! அந்த நிமிஷம் அவரைப் பிடித்துக் கீழே தள்ளலாமா என்றிருந்தது எனக்கு. எண்பத்தோரு வயதென்றுதான் பார்த்தேன்.

"என்ன ஆணி அடிச்சீங்க?"

"அங்க பெட்டியில இருந்ததுதான். உடம்பெல்லாம் வளையம் வளையமா இருக்குமே, அது."

அவள் ஒரு ஆணியைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பலகையை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடவினாள். அவ்வளவு நேரமா ஆகும் அதற்கு?

கீழேயிருந்து வெர்லியின் குரல் வந்தது, பாயூ முழுக்கக் கேட்கும்படி. "யாராவது சொல்லித் தொலைங்களேன்!"

மிஸ் பட்டிஸ்ட் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். "அதிகமா அடிச்சா தப்புன்னு என் புத்தகத்துல இல்ல. பலகையும் விரியல. இது கூரையா முள்ளம்பன்றியான்னுதான் தெரியல" என்று சொல்லி, மூன்றாவது டிக் போட்டாள்.

"பாஸ்!" என்று நான் கத்திய கத்தலில் கொக்கெல்லாம் பறந்தது. என் வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். வெர்லி ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, முகத்தை ஏப்ரனில் மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் கண் கலங்கியது, அதை ஏன் மறைக்கவேண்டும்? அட்லாய் மாமா மட்டும், "நான் அடிச்ச எடம்தான் நல்லா நிக்கும், பாருங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னமும் சொல்கிறார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஏஜென்ட் போன் செய்தான். விலை கிட்டத்தட்டப் பாதி. அவள் மறுபடி சொல்லச் சொன்னாள். அவன் மறுபடி சொன்னான். போனை வைத்துவிட்டு அப்போதே பல் டாக்டரைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"டாக்டர், வெள்ளிக்கிழமை சொல்றேன்னு சொன்னேன். இன்னிக்கே சொல்லிடறேன். வீடு விக்கறதுக்கில்லை."

அவர் ஏதோ சொன்னார். விலை கூட்டியிருக்கவேண்டும்.

"அதெல்லாம் வேண்டாம். மீன் பிடிக்கணும்னா வாங்க, என் படகுத்துறையில நின்னு பிடிங்க. வீட்டை மட்டும் கேக்காதீங்க."

போனை வைத்துவிட்டு, "உள்ள வா, வேலை இருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரமாக அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள். கடிதக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனால் சுவரில் ஒரு படம் இல்லை. டட்லியின் படம் இருந்த இடத்தில் வெளுத்த கட்டம். சமையலறை அலமாரி துடைத்துவைத்த மாதிரி காலி. மார்பு உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து: 'கொரின் வீடு', 'கொரின் வீடு', 'கோயிலுக்கு', 'பள்ளிக்கூடம்'. ஹூஸ்டனுக்கு அவள் மகளைப் பார்க்கப் போகவில்லை. கொரின் வீட்டில் தனக்கு ஒதுக்கிய அறையைப் பார்க்கப் போயிருக்கிறாள். இத்தனையும் கட்டிவைத்துவிட்டுத்தான் அந்த மனுஷி எங்களோடு நின்று ஜம்பலாயாவுக்கு உப்பு கம்மி என்று சொல்லியிருக்கிறாள்.

ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் 'ஈனோஸ்' என்று எழுதியிருந்தது.

"இதுல என்ன?" என்றேன்.

"என்னவா இருந்தா உனக்கென்ன? இப்ப அது உனக்கில்ல. பிரி."

கத்தியால் டேப்பைக் கிழித்தேன். செய்தித்தாளில் சுற்றி, அவளுடைய காபி வடிகட்டும் பாத்திரம். வெள்ளை எனாமல், மூக்கில் கறுப்பாக ஒரு சில்லு பெயர்ந்தது. டட்லி செத்த மறுநாளிலிருந்து தினம் காலையில் அவளும் நானும் அதிலிருந்துதான் குடித்தோம். அதை எனக்கு விட்டுவிட்டுப் போக இருந்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்ன முழிக்கிறே? மூணு வாரமா அந்த இன்ஸ்டன்ட் காபியைக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு" என்று அதை என் கையிலிருந்து பிடுங்கி, குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்தாள் வெர்லி.